ஜப்பானியச் சிரிப்புச் சொற்களுக்கு ஓர் ஆன்கி டெக்: செய்த முறையும் கணக்கும்

சிரிப்பையும் புன்னகையையும் குறிக்கும் ஜப்பானியச் சொற்களுக்காகக் கட்டிய ஆன்கி டெக் (ஆன்கி மென்பொருளில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று பயிலும் கார்டுத் தொகுப்பு) ஒருவழியாக நிலைபெற்றுவிட்டது. ஒலியைக் கேட்டதும் அது குரல் எழும் சிரிப்பா, முகத்தில் மட்டும் தெரிவதா, ஒருமுறை வந்து போனதா, நீடிப்பதா, பார்ப்பவருக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்று உடனே சொல்ல முடிகிறது. பொருளை மட்டும் மனப்பாடம் செய்யும் டெக்கில் இது நடக்காது. மொத்தம் 48 சொற்கள், 132 கார்டுகள். தமிழ் வழியாக ஜப்பானியம் படிப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளக் கூடியது என்பதால் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆயத்த டெக்குகளைப் பற்றி. இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பொருள் இருக்கும். ஆங்கிலத்தில் புன்னகைக்கு ஒரு வினை, வாய்விட்டுச் சிரிப்பதற்கு வேறொரு வினை. ஜப்பானியத்தில் 'வரஉ' என்ற ஒரே வினை இரண்டுக்கும் போதும். தமிழின் 'சிரி'யும் அப்படித்தான். 'குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது' என்றால் சத்தம் வந்ததா என்பது அந்த வினையில் இல்லை. ஆக, பொருளைத் தமிழில் எழுதினாலே பாதிக் குழப்பம் போய்விடுகிறது. மீதிப் பாதி, ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் கீழ் மூன்று நான்கு ஜப்பானியச் சொற்கள் வந்து குவிவது. நியநிய, நியரி, நிதநித மூன்றுக்கும் முன்பக்கத்தில் ஒரே பொருள் இருந்தால், எந்தச் சொல்லைக் கேட்கிறது என்று கார்டைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட கார்டுகள் திரும்பத் திரும்பத் தவறும். படிப்பவரின் நினைவாற்றலில் குறையில்லை, கார்டில்தான் குறை.

எழுத்து

தமிழில் பொருள் எழுதலாம்; ஜப்பானிய ஒலியைத் தமிழில் எழுதும்போதுதான் உண்மையான சிக்கல். சிரிப்புச் சொற்களில் ககரம் மென்மையா வன்மையா என்பதில்தான் பொருளே இருக்கிறது. வன்மையான ககரத்தோடு 'கெரகெர' என்றால் மெல்லிய, உயர்ந்த குரலில் பளிச்சென்று சிரிப்பது. பெரும்பாலும் குழந்தைகள், இளம்பெண்கள். மென்மையான ககரத்தோடு சொன்னால் அடக்கமே இல்லாமல் பெருங்குரலில் சிரிப்பது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. அதைவிட மோசமான இடம் சொல்லின் நடுப்பகுதி. 'நிகொரி' என்று எழுதினால் நம் வாய் 'அகம்' என்பதில் வருவதுபோல் ககரத்தை மென்மையாக்கிவிடும். வன்மை வேண்டும் என்று 'நிக்கொரி' என்று எழுதினால் அது வேறொரு சொல். ஜப்பானியத்தில் ஒற்றை வல்லினம், இரட்டை வல்லினம், மெல்லொலி என மூன்றும் தனித்தனி.

இதற்குத் தீர்வு நம்மிடமே இருக்கிறது. ஸ்லோகப் புத்தகங்களில் க, க², க³, க⁴ என்று அச்சிடும் வழக்கத்தில் மூன்றாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். டெக்கின் விதி இது: எண் இல்லாத க, த, ப எங்கே வந்தாலும் வன்மையாகவே ஒலிக்கும். ³ இருந்தால் மென்மை. க்க, த்த என்று இருந்தால் ஒரு மாத்திரை நிறுத்தி ஒலிக்க வேண்டும். ச எப்போதும் 'பச்சை'யில் வரும் சகரம். மற்றதற்கு ஸ, ஷ. இந்தப் பதிவிலும் அதே விதிதான். இப்போது கெரகெர ஒரு சொல், கெ³ரகெ³ர வேறொரு சொல். கொரொகொரொ இளம்பெண்ணின் கலகலச் சிரிப்பு, கொ³ரொகொ³ரொ இடி உருளும் ஓசை. குஸுகுஸு அடக்கிக்கொண்டு சிரிப்பது, கு³ஸுகு³ஸு மூக்கை உறிஞ்சுவது. ஒரு மெல்லொலி சேர்ந்தால் பொருள் கனத்துவிடும் என்பது ஜப்பானிய ஒலிக்குறிப்புகளில் பரவலாகக் காணும் போக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் புதுச் சொல்லைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்.

குறில் நெடில் விஷயத்தில் நமக்குச் சலுகைதான். எ, ஏ, ஒ, ஓ என்று தமிழில் நான்கும் இருப்பதால் 'நிகொநிகொ' என்பதில் ஒகரம் குறில் என்பதை எழுத்தே காட்டிவிடுகிறது. குஸுகுஸுவில் உகரங்கள் ஏறக்குறைய காற்றாகவே போய்விடும். இதழ் குவியாத நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டு சொன்னால் அருகே வந்துவிடலாம்.

தட்டச்சு செய்யும்போது ஒரு கவனம். ³ உயிர்மெய் முழுவதும் முடிந்த பிறகே வர வேண்டும். 'க' அடித்து, ³ அடித்து, பிறகு எகரக் குறியைச் சேர்த்தால் திரையில் புள்ளிவட்டம் வந்து எழுத்து உடையும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0179. கைப்பேசியின் ஜிபோர்டு விசைப்பலகையில் 3 என்ற எண்ணை நீட்டி அழுத்தினால் கிடைக்கும்.

ஜப்பானிய அசையெழுத்துகளான கனா பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு பின்பக்கத் துணையாக மட்டும் இருந்தால் போதும். கனாவில் மென்மைக்கு இரண்டு சிறு கோடுகள் இருக்கின்றன. முன்பக்கத்தில் விடையைக் கனாவில் தட்டச்சு செய்யும் வசதியைப் போட்டுவைத்தால், அந்தக் கோடுகளை விட்டால் ஆன்கி எழுத்துவாரியாகச் சுட்டிக்காட்டும்.

புலங்கள்

ஆன்கியில் ஒரு சொல்லின் தகவல்களைப் பதியும் இடம் நோட்; அதிலிருந்துதான் கார்டுகள் உருவாகும். நோட் வகைக்குப் பத்துப் புலங்கள்: கனா வடிவம், தமிழ் வடிவம், குரலா முகமா, ஒருமுறையா தொடர்ச்சியா, பார்ப்பவரின் தீர்ப்பு, 'தொ' (என்று) வேண்டுமா, 'ஸுரு' (செய்) சேருமா, வாக்கியம், அதே வாக்கியம் இடைவெளியோடு, ஒலி. சூழலைத் தமிழில் சொல்லும் வரியை நினைவுக்குறிப்பாக வைக்காமல் பதினொன்றாம் புலமாகவே வைத்தது பிறகு மிக உதவியது. க்ளோஸ் என்ற, இடைவெளி நிரப்பும் ஆயத்த நோட் வகை வேண்டாம். அதில் மற்ற கார்டுகளைச் சேர்க்க முடியாது. இடைவெளி வாக்கியத்தைக் கையால் எழுதி ஒரு புலத்தில் வைத்தால் ஒரே நோட்டிலிருந்து மூன்று கார்டுகளும் வரும்: சூழலிலிருந்து சொல், ஒலியிலிருந்து தீர்ப்பு, இடைவெளி நிரப்புதல்.

படம் வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. இரஸுதொயா தளத்தில் சிரிக்கும் முகங்களின் படங்கள் நிறையவே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் நிகொநிகொவுக்கும் நிக்கொரிக்கும் உள்ள வேறுபாடு நேரம்: முன்னது முகத்தில் தங்கியிருப்பது, பின்னது ஒருமுறை மலர்ந்து முடிவது. நின்ற படம் நேரத்தைக் காட்டாது. படத்தை எடுத்துவிட்டுச் சூழல் வரிகளை எழுதினேன். 'கடைக்காரம்மா நாள் முழுக்க இப்படித்தான் இருப்பார்' என்றால் நிகொநிகொ. 'பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்து' என்றால் நிக்கொரி.

வடிவத்திலேயே நேரம் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டால் மனப்பாடச் சுமை வெகுவாகக் குறையும். இரட்டித்தால் தொடர்ச்சி: நிகொநிகொ, நியநிய, குஸுகுஸு. '-ரி' முடிவு வந்தால் ஒருமுறை நடந்து நிறைவது: நியரி, நிக்கொரி. '-த்தொ' என்று வெட்டி முடிந்தால் கணநேரம்: நிகொத்தொ, குஸுத்தொ. நடுவில் இரட்டை வல்லினம் வந்தால் அழுத்தம். நம் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும். இவர்களுடையதைப் பிரித்து வெவ்வேறு முடிவுகளை ஒட்டலாம். ஒரு விதிவிலக்கைத் தனியாகப் போட வேண்டும்: இரட்டை வல்லினம் இல்லாத நிகொரி பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். 'நிகொரி தொ மொ ஷினஇ', அதாவது பேருக்குக்கூட ஒரு சிரிப்புச் சிரிக்காதவர்.

குரலா முகமா என்ற புலத்துக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. இந்த டெக்கில் நகரத்தில் தொடங்கும் ஒலிக்குறிப்புகள் எல்லாம் சத்தமில்லாதவை: நிகொநிகொ, நியநிய, நிதநித, நின்மரி. ககர வரிசையில் தொடங்குபவை குரல் உள்ளவை: குஸுகுஸு, கெரகெர, கெதகெத, கெ³ரகெ³ர. கனாவில் கதகனா, ஹிரகனா என இரண்டு வகை. ஓசையைப் போலச் செய்யும் சொற்களைக் கதகனாவிலும், தோற்றத்தைச் சொல்பவற்றை ஹிரகனாவிலும் எழுதும் போக்கு ஜப்பானில் இருப்பதால், படிக்கும்போது எழுத்தின் முகமே துப்புக் கொடுக்கும். கண்டிப்பான விதி இல்லை, ஆனாலும் உதவும்.

தீர்ப்புப் புலத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தவறாகப் பயன்படுத்தினால் ஆளைப் புண்படுத்துவது இங்கேதான். நிகொநிகொவும் நிக்கொரியும் நல்லெண்ணம். நியநிய என்றால் மனதில் எதையோ வைத்துக்கொண்டு சிரிப்பது, பார்ப்பவருக்கு உறுத்தும். நிதநித அதைவிட அருவருப்பு. நின்மரி, நினைத்தது நடந்துவிட்ட திருப்தியில் தனக்குள் சிரித்துக்கொள்வது. 'ஹொகுஸொஎமு' என்ற வினையும் இதற்கு அடுத்த வீடு, ஆனால் அதில் சூழ்ச்சியின் வாசனை அதிகம். ஹெரஹெர என்பது கண்டிப்பான இடத்தில் இளித்து மழுப்புவது. 'ஹெரஹெர ஸுரு ந!' என்று திட்டுவார்கள். ஒருவருடைய இனிய முகத்தைப் பாராட்டும் எண்ணத்தில் நியநிய என்று சொன்னால் அது பழியாகிவிடும். குஸுகுஸு தன்னளவில் தீங்கற்றது. ஆனால் முதுகுக்குப் பின்னால் கேட்டால் ஏளனம். அதனால் அதன் தீர்ப்புப் புலத்தில் ஒற்றைக் குறி போடாமல் இரண்டு சூழல்களையும் எழுதிவைப்பது நல்லது.

'தொ'வும் 'ஸுரு'வும்

தமிழ் பேசுபவர்களுக்கு எளிதாக வரும் பகுதி இது. பேச்சை மேற்கோள் காட்டும் 'தொ' என்ற இடைச்சொல்லே ஒலிக்குறிப்புக்கும் வரும். நாமும் 'வருகிறேன் என்று சொன்னான்', 'களுக்கென்று சிரித்தாள்' இரண்டுக்கும் 'என்று' தானே போடுகிறோம்? 'குஸுத்தொ வரஉ' என்பதைக் 'களுக்கென்று சிரி' என்று எழுதிவிட்டால் இலக்கண விளக்கமே வேண்டாம். வெட்டி முடியும் வடிவங்களுக்குத் தொ கட்டாயம். இரட்டித்தவற்றுக்கும் -ரி வடிவங்களுக்கும் விருப்பம்போல்.

'ஸுரு' சேருமா என்பதை ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். முகத்தைச் சொல்பவை சேரும்: நிகொநிகொ ஸுரு, நியநிய ஸுரு, நிக்கொரி ஸுரு. குரலைச் சொல்பவை வரஉவோடுதான் இயல்பாக வரும்: கெ³ரகெ³ர வரஉ, கெரகெர வரஉ. மேலே சொன்ன நகர–ககரப் பிரிவு இங்கேயும் செல்லுபடியாகிறது. சந்தேகம் வந்தால் ஜப்பானிய தேசிய மொழி ஆய்வு நிறுவனத்தின் என்எல்பி தேடல்தளத்தில் சொல்லை இட்டால், எந்த வினையோடு எத்தனை முறை வந்திருக்கிறது என்று அடுக்கிக் காட்டும். அதன் அடித்தளமான எழுத்து மொழித் தரவகத்தில் சுமார் 10 கோடிச் சொற்கள் உண்டு. கட்டணம் இல்லை.

வினையைப் பொறுத்தவரை வரஉவின் மூன்று வடிவங்களை இடைவெளிக் கார்டுகளில் கட்டாயம் கேட்க வேண்டும்: வரத்தெ, வரவனஇ, வரஇமஸு. எதிர்மறையில் வகரம் திரும்பி வருவதைப் பலர் தவறவிடுவார்கள். 'அகசன் க³ நிகொநிகொ வரத்தெ இரு' என்ற வாக்கியம் தமிழ்க் காதுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்: குழந்தை சிரித்துக்கொண்டு இருக்கிறது.

வரஇ ஒட்டிய கூட்டுச்சொற்கள் 14. நேர்த் தமிழ் கிடைத்தவற்றுக்கு அதையே பொருளாக வைத்தேன்: த்ஸுகுரிவரஇ போலிச் சிரிப்பு, அஇஸொவரஇ ஒப்புக்குச் சிரிப்பு, தெரெவரஇ வெட்கம் மறைக்கும் அசட்டுச் சிரிப்பு, தகவரஇ எக்காளச் சிரிப்பு. ஒமொஇத³ஷிவரஇ, பழையதை நினைத்துத் தனியே சிரிப்பது. நிக³வரஇ என்பதற்குக் கசப்புச் சிரிப்பு என்று எழுதினால் பகை தொனிக்கும். அப்படியில்லை, சங்கடத்தை விழுங்கிக்கொண்டு உதட்டோரம் சிரிப்பது. இங்கே பொருளே எழுதாமல் சூழல் மட்டும் வைத்தால் நன்றாக நிற்கிறது. ஒஒவரஇ, அதாவது பெருஞ்சிரிப்பு, என்ற சொல்லுக்கான சூழலை யமகு³சி மாவட்டத்தின் ஹோஃபு நகரில் டிசம்பரில் நடக்கும் சிரிப்புச் சடங்கிலிருந்து எடுத்தேன். 1199இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இதில், எதிரெதிரே அமர்ந்து மும்முறை உரக்கச் சிரிப்பார்கள்: இந்த ஆண்டு விளைச்சலுக்கு நன்றியாக, அடுத்த ஆண்டு விளைச்சலுக்கு வேண்டுதலாக, இந்த ஆண்டின் துயரங்களை மறக்க. இப்படி ஒரு காட்சி இருந்தால் கார்டு தவறுவதே இல்லை.

ஒலி

கணினிக் குரல் முதல் தேர்வாகத் தோன்றும். விண்டோஸின் ஜப்பானியக் குரல்கள் இலவசம். ஆனால் ஹிரகனாவில் 'ஹஹ' என்று கொடுத்தால் அது 'அம்மா' என்ற சொல்லும்கூட. சொல்லின் முதலில் வரும் ஹெ, வேற்றுமை உருபாக எண்ணப்பட்டு எகரமாகப் படிக்கப்படும் ஆபத்தும் உண்டு. கதகனாவில் கொடுத்தால் இரண்டும் தீரும். தொனி ஏற்றஇறக்கம் அப்போதும் தட்டையாகவே வரலாம். வினையடையாக வரும் நிகொநிகொ, கெ³ரகெ³ர போன்றவற்றில் முதல் அசை உயர்ந்து உடனே இறங்க வேண்டும். நிக்கொரியில் 'கொ' வரை உயர்ந்து 'ரி'யில் இறங்கும். வரஉவில் இறக்கமே இல்லை. இது காதுக்குள் பதியாமல் எழுத்தை மட்டும் பாடம் செய்தால் பேச்சில் அடையாளம் தெரியாது. ஃபோர்வோ தளத்தில் மனிதர்கள் பதிந்தவற்றை முதலில் தேடுங்கள். இல்லாதவற்றுக்கு மட்டும் கணினிக் குரல்.

கோப்புகளை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து முன்னால் 0.2 விநாடி மட்டும் மௌனம் விட்டு வெட்டி, உச்சத்தை மைனஸ் 3 டெசிபெலுக்குச் சமன்செய்து, மோனோ 64 கேபிபிஎஸ் எம்பி3யாகச் சேமிக்கவும். ஒரு விநாடிக்கு 8 கிலோபைட். சொல்லுக்கு ஒரு விநாடி, வாக்கியத்துக்கு மூன்று விநாடி என்றால் நோட்டுக்கு 32 கிலோபைட். ஒலி வைக்கும் 42 நோட்டுகளுக்கும் சேர்த்து 1.4 மெகாபைட்டைத் தாண்டாது.

மீதி 6 நோட்டுகளுக்கு ஒலிக் கார்டு வேண்டாம் என்பது உறுதியான முடிவு. சீன வழி வாசிப்பில் வரும் பி³ஷோ, ரேஷோ, சோஷோ, கோஷோ, த³ன்ஷோ, ஷிஷ்ஷோ ஆகியவை ஏட்டுச் சொற்கள். கோஷோ என்று தனியாகக் கேட்டால் எவருக்கும் முதலில் 'பேச்சுவார்த்தை'தான் தோன்றும். பி³ஷோ 'மிகச்சிறிய' என்றும் ஆகும். இவற்றுக்குச் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்தைக் காட்டி வாசிப்பையும் பொருளையும் கேட்கும் ஒரே கார்டு. பேச்சில் தாராளமாக வரும் ப³குஷோவும் குஷோவும் வினைகளோடு சேர்ந்து மூன்று கார்டுகளும் பெற்றன. சிரிப்பின் கான்ஜிக்கு மேலே மூங்கிலைக் குறிக்கும் உறுப்பு, மொத்தம் 10 கோடுகள், பள்ளியில் நான்காம் வகுப்பில் வரும். 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி என்ற ஜப்பானியப் பழைய நூலில், சூரியதேவி குகைக்குள் ஒளிந்த கதையில் தேவர்கள் கூடிச் சிரித்த இடத்தில் எழுதியிருக்கும் கான்ஜி வேறு: இன்று 'பூக்கும்' என்று பொருள்படும் எழுத்து. ஏளனச் சிரிப்பான சோஷோவின் முதல் எழுத்து 2010இல்தான் பொதுப்பயன்பாட்டு கான்ஜிப் பட்டியலில் சேர்ந்தது. பழைய நாளிதழ்களில் அந்தப் பாதி கனாவில் இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஷிஷ்ஷோவுக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பு. அகராதிப் பொருள், சிரிக்கக் கூடாத இடத்தில் அடக்க முடியாமல் குபீரென்று சிரித்துவிடுவது. ஜப்பானின் கலாசார முகமை 2011 நிதியாண்டில் நடத்திய மொழிக் கருத்துக்கணிப்பில் சுமார் 60 விழுக்காட்டினர், சிரிப்புக்கூட வராத அளவு சலித்துப்போவது என்றே பொருள் சொன்னார்கள். கார்டின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள். இன்று எழுதுபவர் எதை நினைத்து எழுதினார் என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

அமைப்பும் செலவும்

நாளுக்கு 4 புதுக் கார்டுகள், அதற்கு மேல் வேண்டாம். அந்தக் கணக்கில் 132 கார்டுகளும் 33 நாளில் உள்ளே வந்துவிடும். ஒரே நோட்டின் கார்டுகள் ஒரே நாளில் வராதபடி, உடன்பிறந்த கார்டுகளைத் தள்ளிவைக்கும் வசதியை இயக்கவும். கெரகெரவும் கெதகெதவும் ஒரே வாரத்தில் அறிமுகமானால் இரண்டும் கலந்துவிடும். ஆன்கியின் கார்டு உலாவியில் புதுக் கார்டுகளின் வரிசை எண்ணைக் கையால் மாற்றி, ஒத்த சொற்களுக்கு இடையே குறைந்தது 40 கார்டுகள் இடைவெளி விட்டால் சரியாகிறது. எந்தக் கார்டை எப்போது மீண்டும் காட்டுவது என்று கணிக்க, ஆன்கியின் 23.10 பதிப்பிலிருந்து வரும் எஃப்எஸ்ஆர்எஸ் அட்டவணை முறையை 0.90 நினைவு இலக்கோடு அப்படியே வைக்கலாம். திரும்பத் திரும்பத் தவறும் கார்டைப் பிடிக்கும் எல்லை இயல்பாக 8. இந்த டெக்குக்கு 5 போதும். ஐந்து முறை தவறினால் இன்னும் படிப்பதில் பயனில்லை, சூழல் வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஆன்கிக்குச் செலவில்லை. ஐஃபோன் செயலி மட்டும் 24.99 டாலர். அது வேண்டாம் என்றால் ஐஃபோன் உலாவியில் ஆன்கிவெப் வழியாகப் படிக்கலாம். ஆடாசிட்டி, ஃபோர்வோவில் கேட்பது, என்எல்பி எல்லாம் இலவசம். உண்மையான செலவு நேரம்தான்: ஒரு நோட்டைச் சூழல் வரி, வாக்கியம், ஒலி எல்லாம் சேர்த்து ஒழுங்காக முடிக்க 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 48க்கு 16 மணி நேரம்.

அடுத்த வடிவத்தில் மாற்ற வேண்டியவை சில. வினைகளைத் தனியாக வைக்காமல் அவை ஏந்தும் பெயர்களோடு வைக்க வேண்டும்: புன்னகையை 'மிதக்கவிடுவார்கள்' (ஹொஹொஎமி ஒ உகபெ³ரு), சிரிப்பைக் 'கடித்துக் கொல்வார்கள்' (வரஇ ஒ கமிகொரொஸு), மலர்ந்த முகத்தைக் 'காட்டுவார்கள்' (எக³ஒ ஒ மிஸெரு). இந்த ஜோடிகள் தெரியாவிட்டால் சொல் தெரிந்தும் வாக்கியம் வராது. சாப்பிடும் குச்சி உருண்டாலும் சிரிப்பு வரும் வயது என்ற தொடரை (ஹஷி க³ கொரொந்தெ³ மொ ஒகஷீ தொஷிகொ³ரொ) கெரகெரவின் சூழல் வரியாகவே வைத்துவிடலாம். வயதும் குரலும் ஒன்றாகப் பதியும். குறுஞ்செய்தியில் சிரிப்பைக் குறிக்கப் பயன்படும் 'குஸ', அதாவது புல், என்ற வழக்கை இந்த டெக்கில் சேர்க்க வேண்டாம்: வரஉவின் முதல் ஒலிக்கான ரோமன் எழுத்தை வரிசையாக அடித்தால் புல்வெளிபோல் தெரிவதால் வந்த பெயர் அது. அதற்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை, புலங்களில் பாதி காலியாகக் கிடக்கும். அழுகைச் சொற்களுக்கு இதே நோட் வகை அப்படியே பொருந்தும். ஷிகுஷிகு, மெஸொமெஸொ இரண்டையும் முதலில் இட்டுப் பார்த்தால் தீர்ப்புப் புலம் வேலை செய்கிறதா என்று உடனே தெரியும்.